ஆர்க்காட்டு வாரிசுரிமைப் போரும் சேலம் நாமக்கல் சமவெளியும்

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சியிலுள்ள கோட்டையைத் திப்பு சுல்தானோடு சேர்த்தே மக்கள் பேசுவர். சங்ககிரி மலைக்கோட்டையைப் பற்றிய பேச்சும் அத்தகையதே. சேலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய கோட்டைப் பகுதியின் ஜாமிஆ பள்ளிவாசலுக்கும் திப்புவின் பெயரையே செவிவழி மரபு சூட்டுகிறது. இக்கோட்டைகள் மைசூர் அரசிடம் இருந்தன, 1792இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின என்பதோடு பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் இச்சமவெளி கம்பெனியின் வசமானதற்குக் காரணம் தேடிச் செல்பவர் சீரங்கப்பட்டணத்தில் நின்றுவிட முடியாது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னே, ஆர்க்காட்டு நவாபுகளின் குடும்பத்தில் மூண்ட உட்பூசலில் போய்த்தான் அத்தேடல் முடியும்.

அப்பூசலுக்கு வரலாற்று நூல்கள் இட்ட பெயர் 'இரண்டாம் கர்நாடகப் போர்' என்பது. 1749 முதல் 1754 வரை பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தென்னிந்தியாவில் நடத்திய போர் என்றே அது விளக்கப்படுகிறது. துய்ப்ளே, கிளைவ் என்னும் இருவரின் அறிவுக்கூர்மைக்கிடையே நடந்த சதுரங்க ஆட்டமாக அதனை வருணிப்போரும் உண்டு. இப்பார்வை முழுப் பிழையன்று. எனினும் வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. முதலில் மூண்டது உள்நாட்டுப் போர். ஒரே பேரரசின் பெயரால் ஆண்ட, ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த இரு குடும்பங்கள் ஒரே பதவிக்காக மோதிக்கொண்டன. வணிகக் கம்பெனிகள் அழைக்கப்பட்டே உள்ளே வந்தன.

பதவியா, சொத்தா?

முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1698இல் செஞ்சியைக் கைப்பற்றியபின் கர்நாடகப் பகுதி பேரரசின் ஆட்சிக்குள் வந்தது. அதனை நிருவகித்தவரே நவாபு. தக்காணத்தின் சுபேதார் அவருக்கு மேலதிகாரி. தில்லிப் பேரரசர் இருவருக்கும் மேலானவர். இந்த அடுக்கில் நவாபு என்பது நியமனத்தால் வரும் உத்தியோகம். ஒருவர் இறந்தால் அவருடைய தோட்டமும் வீடும் மார்க்கச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பங்காகும். அவர் வகித்த பதவி அவ்வாறு பங்காவதில்லை. அது அமானிதம். கொடுத்தவரிடமே திரும்பிச் செல்ல வேண்டியது.

அவுரங்கசீப் 1707இல் மறைந்தபின் இந்த ஒழுங்கு தளர்ந்தது. 1710 முதல் 1732 வரை நவாபாக இருந்த சஆதத்துல்லா கான் தம் சகோதரர் மகன் தோஸ்த் அலியை அடுத்த நவாபாக்கினார். நவாயத்துக் குடும்பத்தின் சொத்தாகவே பதவி மாறிற்று. ஹைதராபாத்தில் தக்காணச் சுபேதாராக இருந்த நிஜாமுல் முல்க் ஆஸப் ஜாஹ் இதனை விரும்பவில்லை. ஆயினும் அவரே தம் சுபேதார் பதவியைத் தம் குடும்பத்திற்கு உரியதாக ஆக்கிக்கொண்டிருந்தார். மேலே இருந்தவர் செய்ததையே கீழே இருந்தவரும் செய்தார் என்பதில் வியப்பில்லை.

தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிப். மதுரை நாயக்கர் மரபின் கடைசி அரசியான மீனாட்சியிடமிருந்து திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியவர் இவரே. அரசிக்கு இவர் திருக்குர்ஆன் மீது கொடுத்த உறுதிமொழி உண்மையில் துணியில் சுற்றிய செங்கல் மீது செய்யப்பட்டதே என்றொரு கதை வழங்குகிறது. அக்கதை புனைவாகவே இருக்கட்டும். உறுதி கொடுத்து உள்ளே புகுந்தவர் ஊரை எடுத்துக்கொண்டார் என்பதும், அரசி உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதும் கதையன்று.

1740இல் ரகுஜி போன்ஸ்லேயின் தலைமையில் வந்த மராத்தியப் படை தாமல்செருவுக் கணவாயில் தோஸ்த் அலியைக் கொன்றது. அடுத்த ஆண்டு திருச்சி வீழ்ந்தது. சந்தா சாஹிப் கைதியாகச் சாத்தாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில் தம் மைத்துனரின் சூழ்ச்சியால் கொலையுண்டார். நிஜாமுல் முல்க் பெரும்படையுடன் 1743இல் நேரில் வந்தபோது, ஆளுக்காள் நவாபு என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றதைக் கண்டு, ஒரே நாளில் பதினெட்டு நவாபுகளைப் பார்த்துவிட்டேனே எனச் சினந்தாராம். சப்தர் அலியின் சிறுவயது மகனும் 1744இல் ஒரு திருமண விழாவில் கொல்லப்பட, நிஜாம் தம் நம்பிக்கைக்குரிய அன்வருத்தீன் கானை நவாபாக்கினார். இவ்வாறு பழைய குடும்பம், புதிய குடும்பம் என இரண்டு உரிமைகள் எதிரெதிரே நின்றன. நாட்டு மக்களிடம் நவாயத்துக் குடும்பத்திற்குப் பற்று மிகுதியாக இருந்தது. அன்வருத்தீனிடம் நியமனச் சனது இருந்தது.

இந்நிலையில் நிஜாமுல் முல்க் 1748இல் மறைந்தார். மகன் நாஸிர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முஸஃபர் ஜங்கும் சுபேதார் பதவிக்குப் போட்டியிட்டனர். அதே ஆண்டில் சந்தா சாஹிப் மராத்தியரிடமிருந்து விடுதலை பெற்றார். அவருடைய குடும்பம் அதுவரை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பில் இருந்தது. முஸஃபர் ஜங்கும் சந்தா சாஹிபும் கைகோத்தனர். துய்ப்ளே படை கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் முதியவரான அன்வருத்தீன் களத்திலேயே மடிந்தார். மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். மற்றொரு மகன் முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடி ஒளிந்து ஆங்கிலேயரின் உதவியை நாடினார்.

அடுத்த ஈராண்டுகளில் நிகழ்ந்த கொலைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. நாஸிர் ஜங் 1750 டிசம்பரில் செஞ்சி அருகே தம் பக்கத்துப் பட்டாணிய நவாபு ஒருவராலேயே சுடப்பட்டார். இரண்டு மாதங்களுக்குள் முஸஃபர் ஜங்கும் அதே பட்டாணியர் கூட்டத்தோடு மோதி மாண்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பிலும், புர்ஹான் கான் பாரசீகத்தில் எழுதிய 'துஸக்கெ வாலாஜாஹி'யிலும் இவ்வாண்டுகளை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். முன்னது துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர் எழுதியது. பின்னது முஹம்மது அலியின் அவையில் எழுதப்பட்டது. எதிரெதிர் முகாம்களில் இருந்த இவ்விருவரில் எவருக்குமே, நடப்பது இரண்டு ஐரோப்பிய நாடுகளின் போர் என்ற எண்ணமில்லை. பாரசீக நூலைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹுசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். அப்பெரும் பணியைத் தமிழுலகம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

திருச்சி யாருக்கு?

சேலம் நாமக்கல் பகுதி இக்கதைக்குள் நுழைவது 1751இன் இறுதியில். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்க தேவராஜ உடையார் காலந்தொட்டே இச்சமவெளி மைசூர் அரசின் கீழ் இருந்தது. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியைக் கடந்தால் கரூர். அதுவே மைசூரின் எல்லைக் கோட்டை. அங்கிருந்து ஆற்றங்கரை வழியே திருச்சிராப்பள்ளி சில நாள் நடைத் தொலைவு. ஆகவே திருச்சியை யார் வைத்திருக்கிறார்கள் என்பது மைசூருக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று, வாசல்படிச் செய்தி.

திருச்சிக் கோட்டைக்குள் சந்தா சாஹிபாலும் பிரெஞ்சுப் படையாலும் முற்றுகையிடப்பட்டிருந்த முஹம்மது அலி, மைசூரின் உண்மை அதிகாரியான சர்வாதிகாரி நஞ்சராஜருக்குத் தூது அனுப்பினார். படையும் பணமும் கொடுத்தால் திருச்சிராப்பள்ளியையும் அதற்குத் தெற்கே குமரி வரையுள்ள நாட்டையும் தந்துவிடுவதாக வாக்களித்தார். நஞ்சராஜர் இசைந்தார். மைசூர்ப் படை கரூரில் திரண்டு 1752இன் தொடக்கத்தில் திருச்சி வந்து சேர்ந்தது. மராத்தியத் தலைவர் முராரி ராவும் தஞ்சைப் படையும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் முஹம்மது அலியின் பக்கம் நின்றனர். இப்போரை இரண்டு சமயங்களின் போராகக் காட்ட முயல்வோர் இந்த அணிவகுப்பை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. இதற்கிடையே 1751இல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கி நின்றதும் போரின் போக்கை மாற்றியது. 1752 ஜூனில் சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்தார், தலை துண்டிக்கப்பட்டார்.

வென்றவரிடம் நஞ்சராஜர் வாக்கை நினைவூட்டினார். முஹம்மது அலி முதலில் தவணை கேட்டார். பின்னர் அவர் சொன்ன விடை கூர்ந்து நோக்கத்தக்கது: திருச்சி தம் சொத்தன்று, முகலாயப் பேரரசருக்கு உரியது, பேரரசரின் பிரதிநிதியாகிய தாம் அதை எவருக்கும் எழுதிக்கொடுக்க இயலாது என்றார். பதவி அமானிதம் என்ற உண்மை, அதனைச் சொத்தாகக் கருதி மூன்றாண்டுகள் போரிட்டவரின் வாயிலிருந்தே, கொடுத்த வாக்கை மீறுவதற்கு ஒரு சாக்காக வெளிப்பட்டது.

நஞ்சராஜர் ஊர் திரும்பவில்லை. சீரங்கத்தில் தங்கிக் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து 1755 வரை அதே திருச்சியை முற்றுகையிட்டார். கிடைத்தது ஒன்றுமில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பிய ஆண்டிலேயே ஹைதராபாத்தின் சலாபத் ஜங் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியுடன் சீரங்கப்பட்டணத்தின் முன் வந்து நின்று 56 லட்சம் ரூபாய் கப்பம் கேட்டார். கோயில் நகைகளும் அரண்மனை அணிகலன்களும் கொடுக்கப்பட்டன. 1757இல் மராத்தியர் வந்தனர். 1758இல் சம்பளம் காணாத மைசூர்ப் படை நஞ்சராஜரின் வாயிலில் வந்து அமர்ந்துவிட்டது. நிலுவையைக் கணக்கிட்டுத் தீர்த்து வைத்தவர் ஹைதர் அலி.

ஹைதர் அலியை வளர்த்தது இந்த உள்நாட்டுப் போரே எனலாம். நாஸிர் ஜங்கின் முகாமுக்கு 1750இல் சென்ற மைசூர்ப் படையில் அவர் இருந்தார். அவர் கொலையுண்ட குழப்பத்தில் நிஜாமின் கருவூலத்துப் பொன் சிறிது ஹைதரின் கைக்கு வந்ததாகவும் சொல்வர். திருச்சிக் களத்தில் பிரெஞ்சு முறைப் படைப்பயிற்சியை அருகிருந்து கண்டார். 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தார் ஆனார். 1761இல் மைசூரே அவர் வசமாயிற்று. திருச்சிக்காகச் செலவழிந்த கருவூலம் நஞ்சராஜரை வீழ்த்தியது. அந்த வெற்றிடத்தில் ஹைதர் எழுந்தார்.

கடனில் நடந்த போர்

போரின் பொருளியலைக் காணாமல் அதன் விளைவுகளை விளங்கிக்கொள்ள முடியாது. பழைய முறையில் பாளையக்காரரும் ஜாகீர்தாரரும் தத்தம் ஆட்களோடு வந்து போரிட்டனர். நிலமே அவர்களுக்குக் கூலி. புதிய முறையில், பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு மாதந்தோறும் ரொக்கச் சம்பளம் தர வேண்டும். நிலவரியோ அறுவடைக்குப் பின்னரே வரும். போர்க்காலத்தில் அதுவும் வராது. இவ்விடைவெளியை நிரப்பக் கடன் வாங்கியே ஆக வேண்டும். சந்தா சாஹிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். முஹம்மது அலி திருவேந்திபுரத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். அதன்பின் பல வட்டாரங்களின் வருவாயை ஈடு வைத்தார். கம்பெனி தன் படைச்செலவு முழுவதையும் அவர் பெயரில் எழுதி வந்தது.

பிரெஞ்சு ஆதிக்கம் 1760இல் வந்தவாசியிலும் 1761இல் புதுச்சேரியிலும் முறிந்தது. 1763இன் பாரிஸ் உடன்படிக்கை முஹம்மது அலியை நவாபாக ஏற்றது. பேரரசர் ஷாஹ் ஆலம் 1765இல் நிஜாமின் மேலாண்மையிலிருந்து அவரை விடுவித்தார். தோற்றத்தில் முழு வெற்றி. ஆனால் கடன் நின்றபாடில்லை. கம்பெனிக்குத் தர வேண்டியதைக் கட்டுவதற்கு அதே கம்பெனியின் ஊழியர்களிடம் தனிக்கடன் வாங்கினார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி! வட்டியை அறவே விலக்கிய மார்க்கத்தைச் சேர்ந்தவர், மார்க்க அறிஞர்களைப் போற்றிய புரவலர், லக்னோவின் பஹ்ருல் உலூம் அப்துல் அலி போன்ற பேரறிஞரைச் சென்னைக்கு வரவழைத்தவர், இப்புதைகுழியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழன்றார். பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியர் இக்கடனாலேயே பெருஞ்செல்வரானார். கடன் கொடுத்தோரை நிறைவு செய்யவே 1773இல் தஞ்சை கைப்பற்றப்பட்டது; அதைத் திருப்பிக் கொடுத்த ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆலோசனைச் சபையினரே 1776இல் சிறைவைத்தனர்; சிறையிலேயே அவர் இறந்தார். எட்மண்டு பர்க் 1785 பிப்ரவரியில் இலண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நெடிய உரையின் பொருள் இக்கடன்தான்.

முஹம்மது அலி 1795இல் மறைந்தார். 1801இல் கம்பெனி கர்நாடக ஆட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டது. திப்புவோடு இரகசியக் கடிதப் போக்குவரத்து நடந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் 1805 முதல் கால் நூற்றாண்டு அமர்ந்த ஆணையம் ஒன்று கடன் பத்திரங்களைச் சரிபார்த்தது. கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 3 கோடி பவுன். மெய்யென ஏற்கப்பட்டது ஏறத்தாழ 27 லட்சம் பவுன். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போட்டியிட்ட இருவரும் திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவின் வளாகத்திலேயே அடக்கம் பெற்றுள்ளனர்.

சமவெளிக்கு வந்த கணக்கு

உள்நாட்டுப் போர் 1754இல் ஓய்ந்ததாக நூல்கள் சொன்னாலும் பகை ஓயவில்லை. முஹம்மது அலிக்கு ஹைதர், திருச்சி வாக்கை நினைவில் வைத்திருந்த அரசின் தலைவர். ஹைதரின் அவையிலோ சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிப் இருந்தார். தம்பியோடு பிணங்கிய மஹ்பூஸ் கான் நிஜாமிடம் ஹைதருக்காகத் தூது பேசினார். ஆர்க்காட்டுக் குடும்பங்களின் பூசல் அவ்வாறே மைசூர்ப் போர்களுக்குள் இடம்பெயர்ந்தது. களமும் இடம்பெயர்ந்தது. 1768இல் கர்னல் வுட் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்க் கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் சிறு காவற்படையை விட்டுச் சென்றது அவர் செய்த பிழை. அவ்வாண்டின் இறுதியில் தொப்பூர்க் கணவாய் வழியே இறங்கிய ஹைதர் சில வாரங்களில் யாவற்றையும் மீட்டார். ஓராண்டுக்குள் இருமுறை கைமாறிய ஊர்களில் தானியத்தையும் வண்டி மாடுகளையும் இரு படைகளும் எடுத்தன என்பதைச் சொல்லாமலே உணரலாம். 1780இல் ஹைதர் ஆர்க்காட்டு நாட்டின் மீது பாய்ந்தபோது அழிவு கிழக்கே போயிற்று; 1790இல் மூண்ட மூன்றாம் மைசூர்ப் போர் மீண்டும் கணவாய்களுக்கும் காவிரிக்கும் இடையே வந்தது.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிவாயிற்று. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்பினார். இரு புதல்வரைப் பிணையாக அனுப்பினார். பாராமகால், சேலம், நாமக்கல், பரமத்தி, சங்ககிரி, ஆத்தூர் ஆகியன கம்பெனிக்கு வந்தன. கோட்டைகளின் கில்லேதார்களும் காவற்படையினரும் அவர்களை நம்பியிருந்த கைவினைஞரும் ஒரே ஆண்டில் வாழ்வாதாரம் இழந்தனர். இச்சமவெளியின் உருதுமொழி பேசும் முஸ்லிம்களில் பல குடும்பங்கள் தம் முன்னோரை இக்காவற்படைகளோடு இணைத்துச் சொல்வதுண்டு.

ஆட்சிப் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாமஸ் மன்றோ, மக்ளியோட், கிரஹாம் ஆகிய மூன்று இளம் அலுவலர்கள் உதவியாளர்கள். சேலத்தை உள்ளடக்கிய தென்பகுதி மக்ளியோடின் பொறுப்பு. நால்வருமே போர்வீரர்கள். இங்கே பெரும் ஜமீன்தார்கள் இல்லை. ஹைதரும் திப்புவும் பாளையக்காரரைப் பெரும்பாலும் ஒடுக்கி, அமில்தார் வழியே உழவரிடம் நேரே வரி பெற்று வந்தனர். ரீடு அதன் மேலேயே கட்டினார். நிலம் நிலமாக அளந்து, ஒவ்வொரு உழவர் பெயரிலும் தீர்வை எழுதினார். பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறையின் பிறப்பிடம் இதுவே. 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த மன்றோவின் பெயரால் அது புகழ் பெற்றது. ரீடை இன்று நினைப்பார் இல்லை. உழவருக்கு இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. இடைத்தரகரின் பிடி தளர்ந்தது. தம் பெயரில் ஓர் எழுத்துச் சான்று கிடைத்தது. ஆயினும் தீர்வை ரொக்கமாக, ஏறத்தாழ நிலையான அளவில் குறிக்கப்பட்டதால், மழை பொய்த்த ஆண்டிலும் அது குறையவில்லை. மழையை நம்பிய புன்செய்ச் சமவெளிக்கு அது கடும் சுமை. கடன் வாங்கித் தீர்வை கட்டும் வழக்கம் ஊருக்குள் புகுந்தது. கம்பெனியின் வணிகப் பிரதிநிதியும் சேலத்தில் அமர்ந்து நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கத் தொடங்கினார்.

ரீடு 1799இல் பணி நீங்கியதும் மேலிடத்தின் எண்ணம் மாறிற்று. வங்காளத்து நிலவரித் திட்டத்தை இங்கும் புகுத்த விரும்பி, 1802 முதல் சேலம் நாட்டு நிலங்களை 'மிட்டா' என்னும் கூறுகளாகப் பகுத்து ஏலம் விட்டனர். ஏலத்தில் எடுத்தோரே மிட்டாதார்கள். தீர்வை மிகையாக இருந்ததால் பலர் சில ஆண்டுகளிலேயே தவணை தவறினர். அவர்களின் மிட்டாக்கள் அரசுக்குத் திரும்பி மறுபடியும் இரயத்துவாரிக்கு உட்பட்டன. நிலைத்த மிட்டாக்கள் மட்டும் ஒன்றரை நூற்றாண்டு நீடித்து, சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுற்றன. மிட்டாதார் என்ற பட்டம் சேலம் நாமக்கல் வட்டாரத்துச் சில குடும்பப் பெயர்களோடு அதன் பின்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.